ஜோடித் தீனி

மூன்று வார விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது மணி காலை ஒன்பதே முக்கால். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. உடை மாற்றி, கையுறை மாட்டி, இரண்டு கதவுகளைத் தாண்டியதும் கும்மிருட்டு.

எங்கள் விலங்குக் கூடத்தில் நாலாம் அறைக்குப் பகலில்தான் ராத்திரி. எலி இருட்டில்தான் விழித்திருக்கும், இருட்டில்தான் தின்னும். அதை எடை போட்டு எழுத நாங்கள் ராக்கோழி மாதிரி உட்கார்ந்திருக்க முடியுமா? அதனால் விளக்கைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எரிய ஆரம்பித்து, காலை ஆறு மணிக்குத் தானாக அணைந்துவிடும். நாங்கள் வேலை பார்ப்பது ஒரேயொரு சிவப்பு விளக்கில். சிவப்பு வெளிச்சம் எலியின் கண்ணுக்குத் தெரியாதாம். நம் கண்ணுக்கும் அதில் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. மரத்தூள் வாசனை, எலி மூத்திர நெடி, காற்றோட்ட மின்விசிறியின் உறுமல். பழகப் பழகக் கைதான் கண்.

என் கைக்கு அங்கே ஒரு மரியாதை உண்டு. எலியைத் தூக்கியதும் எடையைச் சொல்லிவிடுவேன். தராசில் வைத்தால் ஐந்து கிராம் முன்னே பின்னே இருக்கும். அதனால் நான் 'தராசு அக்கா'. கூண்டு கழுவுகிறவர் 'நுரை'. ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மாவுக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

நுரை, கூண்டு கழுவும் அறையின் வாசலில் நின்று, காய்ந்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களாக்கா?"

"வந்துட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

சாப்பிடவில்லை. புருஷன் செத்து மூன்று வாரம் ஆகியும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவளிடம் வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

நாலாம் அறையில் முப்பத்தாறு கூண்டுகள். முப்பத்தாறிலும் கொழுத்த எலிகள். பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும் கலந்த தீனியை ஆறு மாதம் போட்டுக் கொழுக்க வைத்தோம். தொப்பை விழுந்தது, ரத்தத்தில் கொழுப்பு ஏறியது, வாலில் பட்டை கட்டிப் பார்த்தால் ரத்த அழுத்தமும் எகிறியிருந்தது. மனிதருக்கு நாற்பது ஐம்பது வயதில் வருகிற வினையெல்லாம் எலிக்கு ஆறே மாதத்தில். அதற்குப் பிறகு முதல் பதினெட்டு எலிகளுக்கு ஒரு மருந்து. மருந்து உள்ளே போனதும் அவற்றுக்குப் பசி குறைந்தது. இனி இதயம் தேறினால், அது மருந்தின் வேலையா, குறைவாகத் தின்றதன் வேலையா? அதைக் கண்டுபிடிக்கத்தான் மிச்சம் பதினெட்டு. அவற்றுக்கு மருந்து கிடையாது. ஆனால் ஒன்றாம் எலி நேற்று எத்தனை கிராம் தின்றதோ, அத்தனை கிராம்தான் இன்று பத்தொன்பதாம் எலிக்கு. ஒன்பதாம் எலி தின்ற அளவுதான் இருபத்தேழுக்கு. இதற்கு ஜோடித் தீனி என்று பெயர்.

ஜோடியில் ஒன்று செத்துவிட்டால் மற்றதற்கு அளவு சொல்ல ஆள் இல்லை. அதனால் அன்றே அதையும் எடுத்துவிடுவோம். எடுப்பது என்றால் மயக்கிப் படுக்க வைத்து, இதயத்தை வெளியே எடுத்து எடை போடுவது.

இந்த முறையை வீட்டுக்குக் கொண்டுபோனவள் நான்தான். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுநர். நூற்று இருபத்தொரு கிலோ. எடையைக் குறைக்காவிட்டால் இனி என்னிடம் வராதீர்கள் என்று இதய மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சமையலறைக்கு ஒரு தராசு வாங்கினேன். ஒரு வேளைக்கு முந்நூற்று ஐம்பது கிராம். நான் மட்டும் வயிறு முட்டத் தின்றால் மனுஷன் நொந்துபோவாரே என்று எனக்கும் அதே முந்நூற்று ஐம்பது. அவர் மீதி வைத்தால் அடுத்த வேளை நானும் அவ்வளவைக் குறைத்துக்கொள்வது என்று பேச்சு. அவர் மீதி வைத்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு பருக்கை சிந்தாமல் தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்.

"உன் எலிங்களுக்காவது கண்ணை மூடிக்கிட்டு ஒரு பிடி சேத்துப் போடுவியா?" என்பார். நான் சிரிப்பேன்.

ஏழு மாதத்தில் பதினாலு கிலோ குறைந்தார். ஒருநாள் நெஞ்சு எரியுது, வாயுவாத்தான் இருக்கும் என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்தவர், விடிவதற்குள் போய்விட்டார். அன்று சாப்பிட்டு முடித்ததும் பசி அடங்கலை என்று சொன்னார். நான் தராசைப் பார்த்தேன். நிறுத்துப் போட்டது சரியாக முந்நூற்று ஐம்பது. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

எனக்குள் அது ஒன்றுதான் கிடக்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை. அழுகை இல்லை, தூக்கம் இல்லை, பசி இல்லை. துணைக்கு வந்து தங்கியிருந்த என் அக்கா தட்டைப் போட்டுக்கொண்டு கெஞ்சுவாள். நேற்று அவர் ஒன்றுமே சாப்பிடவில்லையே, எனக்கு எவ்வளவு போடுவது என்று என் மனசுக்குள் பழைய கணக்கு ஓடும். இரண்டு வாய் விழுங்கிவிட்டு எழுந்துவிடுவேன். அறுபத்திரண்டு கிலோ இருந்தவள் மூன்று வாரத்தில் ஐம்பத்தைந்துக்கு வந்திருந்தேன்.

"நீயும் போயிடாதடி," என்றாள் அக்கா. "உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

திரும்பி வந்த அந்த முதல் நாளே ஒன்பதாம் எலி செத்துக் கிடந்தது. கையில் எடுத்தேன். அறுநூற்று நாற்பது இருக்கும். விறைத்துப்போயிருந்தது. பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு வந்து பேனாவை எடுத்தேன். பதிவேட்டில் ஒன்பதுக்கு நேரே 'இறந்தது' என்று எழுத வேண்டும், இருபத்தேழுக்கு நேரே 'எடுக்கப்பட்டது' என்று. எதிர் அடுக்கில் இருபத்தேழு பின்னங்காலில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தீனி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

இரக்கப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. கை எழுதவில்லை, அவ்வளவுதான். ஒன்பது நேற்று தின்றது 18.2 கிராம் என்று இட்டுக்கட்டி எழுதினேன். இருபத்தேழுக்கு 18.2 கிராம் நிறுத்துப் போட்டேன். பழக்கதோஷத்தில், மருந்து எலிகளுக்குத் தினமும் போடுவதுபோல், காலிக் கூண்டின் தொட்டியிலும் நூறு கிராம் தீனியைக் கொட்டி மூடினேன்.

இருபது வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய் அது.

மறுநாள் ஒன்பதின் தொட்டியைத் தூக்கியதும் கை சொல்லிவிட்டது. லேசாக இருந்தது. தராசில் வைத்தேன்.

81.8. நூறில் சரியாக 18.2 குறைவு.

மூடியின் கொக்கி போட்டது போட்டபடி இருந்தது. எங்கிருந்தாவது வேறு எலி புகுந்திருக்கும் என்று கூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கம்பியில் ஒரு நெளிவு இல்லை. எலி தின்றால் பாதியைச் சிந்தும். அந்தத் துணுக்குகளைச் சலித்தெடுத்து, நிறுத்து, கழித்துத்தான் எழுதுவோம். மரத்தூளைச் சலித்துப் பார்த்தேன். ஒரு துணுக்குகூட இல்லை. அத்தனை சுத்தமாகத் தின்ற எலியை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு தீனிக் கணக்கில் நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. தராசு காட்டியதை எழுதினேன். 18.9. 20.4. 23. ஒன்பதாம் எலிக்குப் பசி ஏறிக்கொண்டே போனது. விதிப்படி, அது நேற்றுத் தின்ற அளவை இன்று இருபத்தேழுக்குப் போட்டேன். இருபத்தேழின் தொட்டியும் தினமும் மிச்சமில்லாமல் காலியானது. பயம் வர வேண்டிய இடத்தில் எனக்குள் பஞ்சை அடைத்து வைத்தது மாதிரி இருந்தது. ஒன்பதுக்கு நூறு, இருபத்தேழுக்கு இருபத்துமூன்று, மூடி, கொக்கி, அடுத்த கூண்டு.

வாரத்துக்கு ஒருமுறை எலிகளைப் புதுக் கூண்டுக்கு மாற்றி, பழையதை நுரையிடம் தள்ளிவிடுவேன். இரண்டாவது முறை தள்ளியபோது அவர் கூப்பிட்டார்.

"அக்கா, இந்த ஒன்பதும் இருபத்தேழும் துடைச்சு வச்ச மாதிரி இருக்கே. கழுவவே வேண்டாம் போல. புழுக்கையே காணோம்."

"நான் நடுவுல மாத்தினேன்."

"அப்ப சரி. எல்லா எலியும் இப்படிப் படிச்ச எலியா இருந்தா நான் நிம்மதியா வேலையை விட்டுப் போயிடுவேன்."

அவர் சிரித்தார். செத்துப்போன ஒன்பது புழுக்கை போடாது, சரி. இருபத்தேழு ஏன் போடவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். வாராந்திர எடையில் அது 655லிருந்து 590க்கும், பிறகு 515க்கும் இறங்கியிருந்தது. எழுதினேன். ஒன்பதுக்கு நேரே பழைய 640ஐயே எழுதினேன். யோசிக்கவில்லை.

பதினேழாவது நாள் காலை பதினொரு மணி இருக்கும். இருபத்தேழைத் தூக்கி உள்ளங்கையில் வைத்திருந்தேன். நானூற்று எழுபதுகூட இருக்காது. ரோமத்துக்கு அடியில் விலா எலும்பு ஒவ்வொன்றாக விரலில் இடறியது. கையுறையைத் தாண்டி அதன் நெஞ்சு படபடத்தது. ஓடவில்லை, கடிக்கவில்லை. அப்படியே கையில் கிடந்தது.

கறுக் கறுக் என்று ஒரு சத்தம்.

எலி தீனியைக் கடிக்கும் சத்தம்தான். அந்த அறையில் அதற்கு என்ன பஞ்சம்? ஆனால் இது ஒன்பதாம் கூண்டிலிருந்து வந்தது. மற்ற முப்பத்துநாலு கூண்டுகளிலும் ஒரு அசைவு இல்லை.

மூச்சை அடக்கினேன்.

சத்தம் நின்றது.

பிறகு எனக்குப் பின்னால், எதிர் அடுக்கில், அதே சத்தம் ஆரம்பித்தது.

இருபத்தேழாம் கூண்டிலிருந்து.

இருபத்தேழு என் கையில் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சத்தில் கம்பியும் மரத்தூளும் தெரிந்தன. தொட்டியில் தீனிக்கட்டி ஒன்று தானாக அசைந்து, குறைந்து, அடுத்த கட்டி அதன் இடத்துக்குச் சரிந்தது. மூத்திர நெடியை மீறி ஒரு வாசனை வந்தது. தைலம். நெஞ்சில் தேய்க்கிற தைலம்.

"நீங்களா?" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

சத்தம் நின்றது.

பிறகு மறுபடி ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல்.

அந்த நிமிஷமே வெளியே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கையில் இருந்த ஜீவன் பதினேழு நாள் பட்டினி என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சாப்பிடட்டும், எத்தனை மாசப் பசி என்று நினைத்தேன். இருபத்தேழைக் கூண்டில் விட்டுவிட்டு, தீனி மூட்டைக்குள் கையை விட்டு, நிறுக்காமல் ஒரு பிடி அள்ளி ஒன்பதின் தொட்டியில் போட்டேன்.

அதற்காக நான் வெட்கப்படுகிறேன். அந்த எலி என்னை நம்பித்தான் கையில் கிடந்தது.

மறுநாள் டாக்டரம்மா பதிவேட்டோடு வந்து நின்றார்.

"என்னக்கா இது? இருபத்தேழு தினமும் இருபது கிராமுக்கு மேல தின்னுது. ஆனா எடை சரிஞ்சுக்கிட்டே போகுது. கட்டி கிட்டி இருக்குமோ? அதோட ஜோடியையும் காட்டுங்க."

"ஜோடி இல்ல, டாக்டர்."

"இல்லன்னா?"

"செத்துப் பதினெட்டு நாளாச்சு. ஃப்ரீசர்ல இருக்கு."

சிவப்பு வெளிச்சத்தில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "முதல் நாளே சொல்லியிருக்கலாமேக்கா," என்று மட்டும் சொன்னார். ஒன்பதாம் கூண்டைத் திறந்து மரத்தூளுக்குள் கையை விட்டவர், வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

"இங்க எதை வச்சிருந்தீங்க? சூடா இருக்கே."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புது ஜோடி மாட்டிக்கொண்டார்.

இருபத்தேழை அன்று மதியமே எடுத்தோம். அறுக்கும் அறையில் விளக்கு பளிச்சென்று எரியும். டாக்டரம்மா இதயத்தை எடுத்து எடை போட்ட பிறகு, என்ன தோன்றியதோ, இரைப்பையையும் திறந்தார். குடலைத் திறந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"காலி. ஒரு துணுக்கு இல்ல. இது தின்னு ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்." கத்தரியைக் கீழே வைத்தார். "தீனி எங்கக்கா போச்சு?"

"தின்னுச்சு, டாக்டர்."

"எது?"

நான் தீனியே போடாமல் கணக்கை மட்டும் எழுதியிருக்கிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"கொழுத்த எலிங்கிறதால உடம்பில இருந்ததைக் கரைச்சுக்கிட்டு இத்தனை நாள் தாங்கியிருக்கு," என்றார். "ஒல்லி எலியா இருந்தா எப்பவோ போயிருக்கும். நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. ஒரு மாசம் இந்தப் பக்கம் வர வேண்டாம். முதல்ல ஒழுங்காச் சாப்பிடுங்க. கண்ணாடியில உங்களைப் பார்த்தீங்களா?"

உடை மாற்றும் அறையின் கண்ணாடியில் பார்த்தேன். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. கரைத்துக்கொள்ள என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

வெளியே வந்தபோது மணி இரண்டு. வெயிலில் நடந்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் வயிறு சுருண்டு இழுத்தது. என்ன நோவு இது என்று நின்றுவிட்டேன். பிறகுதான் புரிந்தது, பசி. ஐந்தாறு வாரமாக இல்லாத பசி. கூடவே எனக்கு அழுகையும் வந்தது. நடுத்தெருவில், பட்டப்பகலில், ஆள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன். நான் சாக விரும்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வீட்டுக்குள் காலை வைத்ததும் சொன்னேன். "அக்கா, பசிக்குது."

அக்கா அப்படியே நின்றாள். அப்புறம் ஓடினாள். தட்டைப் போட்டாள், சோற்றை அள்ளி வைத்தாள், குறுக்கே வந்த சமையலறைத் தராசை எடுத்துப் பரணில் எறியாத குறையாக வைத்தாள். நிறுவையாவது மண்ணாவது என்று முணுமுணுத்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆவி பறந்தது. தண்ணீர் கொண்டுவர அக்கா உள்ளே போனாள்.

ஒரு வாய் அள்ளினேன். விரலில் சூடு பட்டது.

வாய்க்குக் கொண்டுபோனபோது விரல்கள் வெறுமையாக இருந்தன.

இன்னொரு வாய் அள்ளினேன். அதுவும் அப்படியே.

தட்டைப் பார்த்தேன். எனக்கு எதிர்ப்பக்க ஓரத்திலிருந்து சோறு குறைந்துகொண்டு வந்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை. தட்டின் அடி பளபளவென்று தெரிய ஆரம்பித்தது. தைல வாசனை இந்தமுறை மிக அருகில், என் தோளுக்குப் பக்கத்தில் வந்தது.

அக்கா தண்ணீரோடு வந்தாள். காலித் தட்டைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"அடிப்பாவி, இவ்வளவு பசியை எங்கடி வச்சிருந்த? மெதுவாத் தின்னக் கூடாதா?"

"அக்கா..."

"பேசாத. சாப்பிடு." கரண்டி நிறைய அள்ளி வைத்தாள். மேலே இன்னொன்று வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டாள். ஐந்து வாரமாக அவள் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

என் வயிறு எரிந்தது. பக்கத்தில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது. ஒரு தடவை அவர் முன்னாலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு போனவள் நான்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.